பத்தாம் வகுப்புப் பரிணாமப் பாடத்தை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். தமிழில் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலை அடுத்த முறை திருத்த உட்காரும்போது, பரிணாமப் பாடத்தை முதலில் கையில் எடுங்கள். அதை மனப்பாடப் பாடமாக விட்டுவிடாமல், எண்ணிப் பார்க்கும் பாடமாக எழுதுங்கள். எங்கள் கோரிக்கை இதுதான். எப்படி எழுதலாம், வகுப்பில் எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதையும் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

பத்தாம் வகுப்பு ஏன் முக்கியம்? பதினொன்றில் கணினி, வணிகவியல், தொழிற்கல்வி என்று போகும் பிள்ளைகள் பரிணாமத்தை வகுப்பறையில் கடைசியாகச் சந்திப்பது இங்கேதான். மத்தியப் பாடத்திட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலில் மரபுவழியும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடம் மரபுவழி என்று மட்டும் ஆனது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள். தமிழ்நாட்டு நூலில் பாடம் நிலைத்திருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் லாமார்க் சொன்னது, டார்வின் சொன்னது, அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு, எச்ச உறுப்பு என்று பெயர்களாக மட்டும் பாடம் போய்ச் சேர்ந்தால், தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளையிடம் மிஞ்சுவது ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்’ என்ற ஒற்றை வரிதான். அந்த வரியும் தவறு.

முதலில் மொழி. தமிழில் இந்தப் பாடத்தை எழுதும் எவருக்கும் ‘கொள்’ என்ற துணைவினை ஒரு கண்ணி. ‘ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’, ‘பூச்சி நிறத்தை மாற்றிக்கொண்டது’, ‘கிருமி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டது’. மூன்று வாக்கியங்களும் இலக்கணப்படி சரி, அறிவியல்படி பிழை. சட்டையை மாற்றிக்கொள்வதுபோல அந்த உயிர் தனக்காக, தானே, தன் வாழ்நாளில் ஏதோ செய்தது என்று அந்த ‘கொள்’ சொல்லிவிடுகிறது. வாழ்நாளில் பெற்ற மாற்றம் சந்ததிக்குப் போகும் என்ற லாமார்க்கின் கருத்து தவறு என்று இரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டு, மூன்றாம் பக்கம் முழுக்க லாமார்க்கின் வாக்கியங்களையே எழுதுகிறோம். மாற்று வழி கடினமானதல்ல. எழுவாயைத் தனி உயிரிலிருந்து இனக்கூட்டத்துக்கு நகர்த்தி, வினையைப் பிறப்பிலும் இறப்பிலும் வையுங்கள்: ‘நீரிழப்பைத் தாங்கும் உடலோடு பிறந்த ஒட்டகங்கள் அதிகம் பிழைத்தன, அதிகக் குட்டிகளை ஈன்றன, பல தலைமுறைகளில் அத்தகைய ஒட்டகங்களே பெரும்பான்மையாயின.’ வாக்கியம் நீளும்தான். அந்த நீளத்துக்குள்தான் கருத்தே இருக்கிறது.

இதே கண்ணோட்டத்தில் இன்னும் மூன்று சொற்களைப் பாருங்கள். ‘பரிணாம வளர்ச்சி’ என்பதில் வளர்ச்சி என்ற பகுதியை நீக்கிவிடுங்கள். குகையில் வாழும் மீன் தலைமுறை தலைமுறையாகக் கண்ணை இழப்பதும் பரிணாமம்தான். அதில் வளர்ச்சி எங்கே? இலங்கைத் தமிழ் நூல்களில் வழங்கும் ‘கூர்ப்பு’ என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. குறைந்தது அடைப்புக்குள்ளாவது அந்தச் சொல்லைக் கொடுக்கலாம். அடுத்து, ‘தகுதி’. இட ஒதுக்கீட்டு விவாதங்களில் தகுதி என்ற சொல் என்ன பாடுபடுகிறது என்பதை அறிந்த நாட்டில், ‘தகுதியுள்ளது பிழைக்கும்’ என்று விளக்கமின்றி எழுதக் கூடாது. இங்கே அதன் பொருள் ஒன்றே ஒன்று: ஓர் உயிர் விட்டுச்செல்லும், தாமும் ஈனும் வயதை எட்டும் சந்ததிகளின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையும் இடத்தைப் பொறுத்தது. மூன்றாவது, ‘திடீர்மாற்றம்’. அந்தத் திடீர், இரண்டு தலைக் கன்றுக்குட்டியை மனத்தில் கொண்டுவருகிறது. உண்மையில் ஒவ்வொரு மனிதக் குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60 முதல் 70 வரையிலான புதிய மாற்றங்களை டி.என்.ஏ.வில் சுமந்துதான் பிறக்கிறது. பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. இந்த ஒரு எண்ணைப் பாடத்தில் சேர்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை இந்த முறை ஓய்வெடுக்க விடுங்கள் என்பது எங்கள் அடுத்த கோரிக்கை. லாமார்க்கையும் டார்வினையும் ஒப்பிட வழக்கமாகப் போடும் அந்தப் படத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகப் பருத்தியை வையுங்கள். பெரம்பலூர், விருதுநகர் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பிரச்சினை. மற்றவர்களுக்கு உடுத்தியிருக்கும் சட்டை.

2002இல், காய்ப்புழுவைக் கொல்லும் ஒரு நச்சுப்புரத மரபணு கொண்ட பி.டி. பருத்தி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாடும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. 2006இல் இரண்டு மரபணுக்கள் கொண்ட விதை வந்தது. முதல் நச்சுக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் எதிர்ப்பு உருவாகிவிட்டது என்று குஜராத்திலிருந்து 2010இல் அறிவிப்பு வந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு நச்சுகளையும் தாங்கும் புழுக்கள் மேற்கு, மத்திய இந்தியாவின் பருத்திக் காடுகளில் பரவின. விவசாயி ‘புழுவுக்கு மருந்து கேட்கல’ என்கிறார். ‘புழு பழகிப்போச்சு’ என்றும் சொல்வார். கேட்கவில்லை என்பது உண்மை. பழகியது என்பது உண்மையல்ல. எந்தப் புழுவும் பழகவில்லை. எதிர்ப்பு இல்லாத புழுக்கள் செத்தன, முன்பே எதிர்ப்போடு பிறந்திருந்த சில புழுக்கள் சாகவில்லை. அவ்வளவுதான்.

இதை எண்ணாகப் போடுங்கள். எதிர்ப்பு மரபணு ஒடுங்கு தன்மை உடையது, அதாவது தாய்வழி, தந்தைவழி வந்த இரண்டு பிரதியும் எதிர்ப்பாக இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும் என்று கொள்வோம். புழுக் கூட்டத்தில் அதன் பங்கு 1,000க்கு 1 என்றால், இரண்டு பிரதியும் எதிர்ப்பாக இருக்கும் புழு 1,000 × 1,000, அதாவது 10 லட்சத்துக்கு ஒன்று. ஒரு பிரதி மட்டும் உடையவை 1,000க்கு ஏறத்தாழ 2. நச்சின் அளவு போதிய அளவு அதிகமாக இருந்தால் ஒரு பிரதிப் புழுவும் செத்துவிடும். பிழைப்பது அந்த 10 லட்சத்தில் ஒன்று மட்டுமே. இப்போது கேள்வி: அந்த ஒற்றை அந்துப்பூச்சி யாரோடு இணைசேரும்? வயலின் ஓரத்தில் நச்சில்லாப் பருத்தி இருந்தால், அங்கே வளர்ந்த ஆயிரக்கணக்கான சாதாரணப் பூச்சிகளில் ஒன்றோடு சேரும். பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரு பிரதி மட்டும் உடையவை. பி.டி. செடியில் அவை செத்துவிடும். ஓரத்தில் நச்சில்லாப் பருத்தி இல்லையென்றால், பிழைத்தவை பிழைத்தவற்றோடுதான் சேர வேண்டும். பிறப்பதெல்லாம் முழு எதிர்ப்புப் புழுக்கள். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதன் காரணம் இதுதான். புழு தின்பதற்கென்று நிலத்தை ஒதுக்க யாருக்கு மனம் வரும்? பல இடங்களில் அந்தச் சிறு பொட்டலம் விதைக்கப்படவே இல்லை. ஏன் விதைக்க வேண்டும் என்பதை விளக்கும் பாடம் பத்தாம் வகுப்பில் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பொட்டலத்தின் மேல் எழுதிய குறிப்பை விவசாயியின் பிள்ளையாவது புரிந்துகொண்டிருக்கும்.

பருத்தியை விட்டு அவசரமாக நகர வேண்டாம். அதற்குள் மெண்டலும் இருக்கிறார். இங்கே விற்கப்படுவது கலப்பின விதை. பொதுவாகப் பெற்றோரில் ஒன்றிடம்தான் பி.டி. மரபணுக்கள் உண்டு, ஆகவே விதைத்த செடியில் ஒவ்வொன்றும் ஒரு பிரதிதான். அந்தச் செடி தன்மகரந்தச் சேர்க்கையில் காய்க்கும்போது காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த தலைமுறை. இரு மரபணுக்களும் தனித்தனியே பிரியும் என்றால் 9:3:3:1. ஒரு காயில் 32 விதைகள் என்று வையுங்கள்: சராசரியாக 18 விதைகளில் இரண்டு நச்சும், 6 விதைகளில் முதல் நச்சு மட்டும், 6 விதைகளில் இரண்டாவது மட்டும், 2 விதைகளில் எதுவுமே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்பது அந்த விதைகளைத்தான். முழு நச்சு, அரை நச்சு, நச்சில்லாமை என்று ஒரே காய்க்குள் படிக்கட்டு அமைத்துக் கொடுத்தால், ஒரு பிரதி மட்டும் உடைய புழுவும் ஏதோ ஒரு படியில் பிழைத்துவிடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கலப்பினம் அல்லாத ரகங்களையே பயிரிடுகிறார்கள்; அங்கே எல்லா விதைகளிலும் நச்சு உண்டு. மெண்டலின் பட்டாணியைப் பற்றிய 9:3:3:1 கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எங்களுக்குத் தெரியாது. மரபுவழிப் பாடமும் பரிணாமப் பாடமும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே விடை.

பச்சைக் காய்ப்புழுவோடு ஒப்பிடவும் சொல்லுங்கள். அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பல பயிர்களைத் தின்னும். நச்சில்லாப் பருத்தியை யாரும் விதைக்காவிட்டாலும் அதற்கு இயற்கையான ஒதுக்கிடம் ஊர் முழுக்க உண்டு. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியே ஏறத்தாழ எல்லாம். அதிலும் 160 நாளில் பிடுங்க வேண்டிய செடியைக் கூடுதல் பறிப்புக்காகப் பிப்ரவரி, மார்ச் வரை நிற்கவிட்டால் அதே வயலில் இன்னும் இரண்டு மூன்று தலைமுறைகள் அதிகம். இரு புழுக்களில் எது முதலில் எதிர்ப்புப் பெறும் என்று மாணவர் ஊகித்து, காரணம் எழுதலாம்.

காசநோயை இரண்டே பத்திகளில் முடிக்கலாம், ஆனால் எண்ணோடு. ‘மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பலம் பெறும்’ என்று மட்டும் எழுதினால் அது அம்மா சொல்லும் அறிவுரையோடு நின்றுவிடும். நுரையீரலில் ஒரு குழிவுக்குள் 10 கோடி அளவில் கிருமிகள் இருக்கக்கூடும். ஐசோனியசிட் மருந்தை எதிர்க்கும் மாற்றம் தானாக ஏறத்தாழ 10 லட்சம் கிருமிகளுக்கு ஒன்றில் தோன்றுகிறது. ரிஃபாம்பிசினை எதிர்ப்பது 10 கோடிக்கு ஒன்று என்ற அளவில். ஐசோனியசிட் மட்டும் கொடுத்தால் அந்தக் குழிவில் சுமார் 100 கிருமிகள் சாகாது. சில வாரங்களில் அந்த நூறின் வாரிசுகள்தான் நுரையீரல் முழுக்க இருக்கும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி 100 லட்சம் கோடிக்கு ஒன்று. அவ்வளவு கிருமிகள் நோயாளியின் உடலிலேயே இல்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்ற ஆறு மாதச் சிகிச்சையின் அடிப்படை இந்தப் பெருக்கல்தான். எதிர்ப்பு மாற்றம் மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தது என்பதை மாணவர் பிடித்துவிட்டால் பாடத்தின் முதுகெலும்பைப் பிடித்துவிட்டார்.

இனி, வகுப்பில் கையால் செய்யும் ஒரு செயல்முறையைப் படிப்படியாக நூலில் அச்சிடுங்கள். செலவு அநேகமாக இல்லை. பூப்போட்ட பழைய சேலையிலிருந்து 1 மீட்டர் சதுரத் துணி, அதே அளவு செய்தித்தாள் விரிப்பு. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறத் தாள்களில் 1 செ.மீ. சதுரச் சில்லுகள், நிறத்துக்கு 100. துணியில் நிறத்துக்கு 25 வீதம் 100 சில்லுகளைத் தூவுங்கள். ஐந்து மாணவர்கள் பறவைகள். ஒவ்வொருவரும் திரும்பி நின்று, சுற்றி, கண்ணில் முதலில் படும் ஒரு சில்லை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி திரும்ப வேண்டும். தலைக்கு 15 எடுத்ததும் நிறுத்தம். 75 போய் 25 மிஞ்சும். துணியை உதறி, மிஞ்சியதை நிறவாரியாக எண்ணி, ஒவ்வொரு சில்லுக்கும் அதே நிறத்தில் மூன்று குஞ்சுகளைச் சேர்த்தால் மீண்டும் 100. இப்படி நான்கு தலைமுறை. அதே தொடக்கக் கூட்டத்தோடு இன்னொரு குழு செய்தித்தாள் விரிப்பில் செய்யட்டும்.

எங்கே கெடும்? மின்விசிறி ஓடினால் முதல் நிமிடத்திலேயே முடிந்தது, அணைத்துவிடுங்கள். பயறு, மொச்சை போன்ற விதைகளை வைத்துச் செய்யச் சொல்லும் குறிப்புகள் உண்டு; அவற்றில் பருமன் வேறுபடுவதால் பிள்ளைகள் நிறத்தைப் பார்க்காமல் பெரிய விதையை எடுப்பார்கள், எது தேர்வாகிறது என்பதே குழம்பிவிடும். தாள் சில்லு அதனால்தான். சிலர் ஒரே இடத்தில் நின்று கையால் வாரி எடுப்பார்கள். ‘திரும்பி நில்’ என்ற விதி அதைத் தடுக்கத்தான். துணி மடிப்பில் ஒளிந்த சில்லுகள் எண்ணிக்கையைக் கெடுக்கும்: மிஞ்சியது 25 வராவிட்டால் குஞ்சு சேர்ப்பதற்கு முன் மறுபடி உதற வேண்டும். ஒரே நிறத் துணியைத் தவிர்க்கவும். இரண்டாவது தலைமுறையிலேயே ஒரு நிறம் முழுதாகக் கைப்பற்றிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது.

முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: ‘எந்தச் சில்லாவது நிறம் மாறியதா?’ இல்லை. ஒரு சில்லும் மாறவில்லை, கூட்டம் மாறியது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு தாள் வெட்டினோம். இரண்டாவது கேள்வி: ‘எந்த நிறம் சிறந்தது?’ சேலையில் வென்ற நிறம் செய்தித்தாளில் தோற்றிருக்கும். தகுதி என்பது இடத்தைப் பொறுத்தது என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே சில்லுகளைக் கொண்டு இன்னொரு சுற்று கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். எந்த நிறத்துக்கும் சாதகம் இல்லை, ஆனாலும் எண்ணிக்கை 25லேயே நிற்காது, அலையும். இதற்கு மரபணு நகர்வு என்று பெயர். பையில் 5 வெள்ளை, 5 கறுப்பு மணிகளைப் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போட்டு, இப்படிப் பத்து முறை எடுத்து, வந்த விகிதத்தில் அடுத்த பையைத் தயார் செய்தால், சராசரியாக ஒரு 14 தலைமுறையில் பை முழுக்க ஒரே நிறம் ஆகிவிடும். 100 மணிகள் என்றால் அதற்குப் பத்து மடங்கு, சுமார் 140 தலைமுறை. சிறிய காட்டுத் துண்டில் அடைபட்ட சில பத்து விலங்குகளுக்கு என்ன நேரும் என்பதை இது காட்டும். மாணவர்கள் மணியைத் திரும்பப் போட மறப்பார்கள், அப்போது எப்போதும் 5:5 தான் வரும். முடிவு மாறவே இல்லை என்று ஒரு குழு சொன்னால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

காலத்தின் ஆழத்துக்கு ஒரு கயிறு போதும். 1 மீட்டருக்கு 10 கோடி ஆண்டு, 1 செ.மீ.க்கு 10 லட்சம். பூமியின் வயது 454 கோடி ஆண்டு, கயிறு 45.4 மீட்டர். சணல் கயிறு வாங்குங்கள். நைலான் இழுத்தால் நீளும். எல்லா அளவுகளையும் இன்றைய முனையிலிருந்தே அளக்க வேண்டும். பூமி தோன்றிய முனையிலிருந்து அளந்தால் வழியில் சேரும் ஓரிரு சென்டிமீட்டர் பிழை, மனித வரலாறு முழுவதையும் விழுங்கிவிடும். 34.8 மீட்டரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் கிடைத்த நுண்ணுயிர்ப் படிவங்கள். 24 மீட்டர் அருகே காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. 5.4 மீட்டரில்தான் விலங்கு வகைகள் பெருகிய கேம்பிரியன் காலம். கயிற்றின் பெரும்பகுதிக்கு உயிர் என்றால் நுண்ணுயிர் மட்டுமே என்பதைப் பிள்ளைகள் நடந்தே உணர்வார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் கிரெட்டேசியக் காலத்தது: 1.45 மீட்டருக்கும் 66 சென்டிமீட்டருக்கும் இடையில் ஓரிடம். 66 சென்டிமீட்டரில் டைனோசர்கள் முடிந்தன. 48 சென்டிமீட்டரில் ஜம்முவின் காலாகோட் பகுதியில் வாழ்ந்த, பூனையளவே உள்ள குளம்பு விலங்கு இண்டோஹையஸ்; அதன் காதெலும்பின் தடிப்பைக் கொண்டு, திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய நிலவாழ் உறவு அது என்று 2007இல் காட்டினார்கள். திருவக்கரைக் கல்மரங்கள் 20 சென்டிமீட்டரில். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை 6, 7 சென்டிமீட்டரில். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் 1.5 சென்டிமீட்டரில். நம் இனம் 3 மில்லிமீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் 0.01 மில்லிமீட்டர், குறி போட முடியாது, கயிற்றின் முனை நாரைத் தொட்டுக் காட்டலாம். சுற்றுலா அழைத்துப்போனால், பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துண்டுகூடப் பொறுக்கக் கூடாது என்ற வரியையும் நூலில் சேருங்கள்.

உயிரின் தோற்றத்தைத் தனியாக வையுங்கள். உயிர் எப்படித் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. தொடங்கிய உயிர் எப்படிப் பல்கியது என்பது வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் கலக்குவதால், முதல் கேள்விக்கு முழு விடை இல்லையென்பதைக் காட்டி இரண்டாவதையும் சந்தேகிக்கிறார்கள். பாஸ்டர் காட்டியது என்ன என்பதையும் கவனமாக எழுத வேண்டும்: கொதிக்கவைத்து, காற்றுத் தூசி புகாதபடி வைத்த ஊறலில் இன்றைய சூழலில் நுண்ணுயிர் தானாகத் தோன்றவில்லை. ஆக்சிஜன் இல்லாத, ஏற்கெனவே எந்த உயிரும் தின்று தீர்க்காத ஆதிக்கடலைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

மில்லர் சோதனையை ‘உயிரை உருவாக்கினார்’ என்று எழுதும் விடைத்தாள்கள் உண்டு. 1953இல் சிகாகோவில் அவர் செய்தது: 500 மி.லி. குடுவையில் கொதிக்கும் நீர், 5 லிட்டர் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், அதில் ஒரு வாரம் தொடர்ந்து மின்பொறி. கிடைத்தது கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள். செங்கல் கிடைத்தது, வீடு அல்ல. ஆதி வளிமண்டலம் பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனுமாக இருந்திருக்கலாம் என்று பின்னால் கருத்து மாறியதையும் சொல்லுங்கள். ஆனால் செங்கல் வேறு இடங்களிலும் கிடைக்கிறது: 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14. ஹைட்ரஜனும் மீத்தேனும் உள்ள குடுவைக்குள் காற்று கசிந்தால் மின்பொறி பட்டு வெடிக்கும் ஆபத்து உண்டு. பள்ளிக் கண்காட்சிக்காக இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று பெட்டியிட்டு அச்சிட வேண்டும்.

அடுத்த முடிச்சு இது: புரதம் செய்ய மரபணு வேண்டும், மரபணுவைப் படிக்கப் புரதம் வேண்டும், எது முதலில்? 1980களின் தொடக்கத்தில் டாம் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ. தானே வினையூக்கியாகவும் செயல்படும் என்று காட்டினார்கள், 1989இல் நோபல். தகவலையும் சுமக்கும், வேலையும் செய்யும் ஒரே மூலக்கூறு கிடைத்துவிட்டது. ஆர்.என்.ஏ.வே முதலில் வந்திருக்கலாம் என்பதற்கான வலுவான தடயம் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. புரதத்தைக் கோக்கும் ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் வரைந்ததற்கு 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அந்த இயந்திரத்தில் அமினோ அமிலங்களைப் பிணைக்கும் மையம் புரதத்தால் ஆனதல்ல, ஆர்.என்.ஏ.வால் ஆனது. ராமகிருஷ்ணன் பெயரைப் பெருமைப் பட்டியலில் மட்டும் போடாமல் இந்த இடத்தில் போடுங்கள். உயிரின் தோற்றத்துக்கு வேதியியல் வழியை முதலில் முன்வைத்தவர்கள் இருவர்: 1924இல் ஒபாரின், 1929இல் ஹால்டேன். ஹால்டேன் 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பைப் பரிணாமக் கோட்பாட்டின் முன்னோடி என்று பாடத்தில் சேர்க்கச் சொல்லி உங்களை வற்புறுத்துவார்கள். அது புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களைப் பகுக்கும் கூர்மையான வகைப்பாடு. ஓர் உயிரினம் மற்றொன்றிலிருந்து கிளைத்தது என்று அங்கே சொல்லப்படவில்லை. புல்லாகிப் புழுவாகிப் பிறக்கும் சிவபுராணப் பிறவி வரிசை ஓர் ஆன்மாவின் பயணம். இரண்டையும் அவற்றின் இடத்தில் வைத்துப் போற்றுவோம். அறிவியல் பாடத்தில் சான்றாக வைத்தால் இலக்கியத்துக்கும் நியாயமில்லை, அறிவியலுக்கும் நியாயமில்லை.

மனிதனைப் பற்றிய பகுதியை ஒரு பக்கத்துக்குள் அடக்கலாம். நாம் இன்றைய குரங்கிலிருந்து வரவில்லை. சித்தப்பா மகனிடமிருந்து யாரும் பிறப்பதில்லை, இருவருக்கும் தாத்தா ஒருவர். மனிதக் குரங்குகளுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. அவற்றின் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிய இடம் நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், வழக்கமாகக் குரோமோசோம் முனையில் இருக்கும் தொடர்களின் எச்சத்தோடு அப்படியே இருக்கிறது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம்மிடமும் மனிதக் குரங்குகளிடமும் உடைந்து கிடக்கிறது. நெல்லிக்காய் நமக்கு வேண்டும், ஆட்டுக்கு வேண்டியதில்லை.

இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையைத் தவறாமல் சேருங்கள். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அந்தப் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. அந்த மரபணுவின் பங்கு 10 சதவீதம் என்றால், 100 குழந்தைகளில் 81 பேருக்கு அது இல்லை, 18 பேருக்கு ஒரு பிரதி, ஒருவருக்கு இரண்டு பிரதி. அந்த ஒருவருக்குக் கடும் நோய். 18 பேருக்கோ கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. தீங்கான மரபணு ஏன் மறையவில்லை என்பதற்கு விடை அந்த 18. மலேரியா இல்லாத ஊரில் அந்த 18 பேருக்கு எந்த ஆதாயமும் இல்லை. வகுப்பில் இருக்கும் பழங்குடிப் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்காதபடி, மலேரியா இருந்த ஆப்பிரிக்கா, அரேபியா, மத்திய இந்தியா எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டி எழுதுங்கள்.

கடைசியாக வினாத்தாள், ஏனென்றால் வினாத்தாள் எப்படியோ பாடமும் அப்படித்தான் நடத்தப்படும். ‘இயற்கைத் தேர்வு: வரையறு’ என்பதற்குப் பதில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு மாதிரி தருகிறோம். இரண்டு துணிகளில் சில்லுச் செயல்முறை. நான்கு தலைமுறைகளில் பச்சைச் சில்லுகளின் எண்ணிக்கை, துணி அ: 25, 36, 52, 68. துணி ஆ: 25, 12, 4, 0. எந்தத் துணி பச்சையாக இருக்கக்கூடும்? ஒரு மதிப்பெண். காரணம்? ஒன்று. ஏதாவது ஒரு சில்லு நிறம் மாறியதா? ஒன்று. நான்காம் தலைமுறைக்குப் பிறகு துணி ஆ-வை எடுத்துவிட்டுப் பச்சைத் துணியை விரித்தால் பச்சைச் சில்லுகள் திரும்ப வருமா, ஏன்? இதற்கு இரண்டு. ‘தேவை ஏற்பட்டதால் வரும்’ என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. ‘வராது, பூச்சியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூச்சியம்தான், புதிதாக ஒரு மாற்றம் தோன்றினாலன்றி’ என்று எழுதும் பிள்ளைக்கு இரண்டையும் முழுதாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும்